அந்த அறையில் அடுப்பு வேண்டாம்

தம்பி,

நேற்று மாலை நீ போன் எடுத்துக் கேட்டதற்கு "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ விட்ட பெருமூச்சு போன் இல்லாமலே இங்கே லூயிஷாமில் என் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். திங்கட்கிழமை பில்டர் வேலை தொடங்குகிறான். தோர்ண்டன் ஹீத்தில் உங்கள் வீட்டின் பின்பக்கம் எனக்கென்று கட்டப்போகிற அறையில் சிங்க் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று அவனுக்கு முடிவு தெரிய வேண்டும். நீ கேட்டது சிங்க்கைப் பற்றித்தான். ஆனால் கேள்வி அது இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அம்மா எங்களோடு வந்து இருப்பாவா, மாட்டாவா?" என்பதுதான் உன் கேள்வி. அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து நீ இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் ஒரே விதமாக "பாப்பம்" சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பதில் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "ஓகேம்மா, ஓகேம்மா" என்று நீ உள்ளே புகுந்துவிடுவாய். கடிதத்துக்குள் அப்படிப் புக முடியாது. கால்பந்து விளையாடப் போக வேண்டும் என்று நீ அழ அழ, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்குப் பலன் கிடைக்கட்டும். ஆறுதலாக, அவசரப்படாமல் இருந்து வாசி. நடுவில் சிரிப்பு வந்தால் சிரி. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஓடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

தனி அடுப்பு கேட்டது நான்தான். அதை மறுக்கவில்லை. "எனக்கெண்டு ஒரு அடுப்பு, ஒரு சிங்க், ஒரு சின்ன பிரிட்ஜ் இருந்தால் வருவன். உங்கட குசினிக்குள்ள நான் வந்து நிக்கமாட்டன்" என்று சொன்னேன். நீயும் அம்மா ஒருபடியாக இறங்கி வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். காவ்யா மட்டும் எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். உன் மனைவி கோயம்புத்தூர்ப் பெண். கோபம் வந்தாலும் "சரிங்க" என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அந்த "சரிங்க" கூட வரவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியது துருக்கியில், ஒரு கட்டிலில் இருந்தபோது.

துருக்கி என்றதும் உனக்கு நினைவு வருவது நான் அனுப்பிய கடல் படங்களும் பூனைப் படங்களும்தான். நடந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் லூயிஷாமிலும் தோர்ண்டன் ஹீத்திலும் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள் என்ற பயம். இப்போது சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரிமாற்றப் பயணமாக இஸ்மீருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். வகுப்பில் நான் துணைக்கு இருக்கிற பிள்ளையும் போனதால் நானும் போக வேண்டி வந்தது. நம்முடைய பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் தங்குவது, அடுத்த இலையுதிர்காலத்தில் அவர்கள் லண்டன் வந்து நம்முடைய பிள்ளைகளின் வீடுகளில் தங்குவது, இதுதான் ஏற்பாடு. பெரியவர்களுக்கு ஹோட்டல் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஊரில் ஹோட்டல் இருந்தது. எங்களை அதில் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. கணக்குப் படிப்பிக்கிற நெர்மின் என்ற ஆசிரியை, என் வயதுக்காரி, பஸ் நின்ற இடத்துக்கே வந்து என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் நாலு சொல்தான் தெரியும். பக்கத்தில் அவருடைய மகள் எலிஃப், பதினைந்து வயது, அம்மா சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டு நின்றாள். "அம்மா சொல்கிறா, நீங்கள் எங்களுடையவர்" என்றாள். நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

ஏன் இழுத்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டி கட்டும்போது நீ என்னோடு நின்றாய். அதற்குள் உடுப்பைவிடச் சாப்பாடுதான் கூட. தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிற நூடில்ஸ் கோப்பைகள், மிக்சர், ரஸ்க், பால்மா, பருத்தித்துறை வடை. போதாததற்கு உன்னை அனுப்பி, தண்ணீர் கொதிக்க வைக்கிற ஒரு சின்னப் பயணக் கேத்திலும் வாங்குவித்தேன். "துருக்கியில தேத்தண்ணி இல்லையா அம்மா?" என்று கேட்டாய். "இருக்கும், ஆனா ஆரையும் கரைச்சல்படுத்தக் கூடாது" என்றேன். நீ உடனே "ஓம், அதுவும் சரிதான்" என்று போய் வாங்கி வந்தாய். இதுதான் நம் குடும்பம். இன்னொருவர் வீட்டுக்குப் போகுமுன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது, போன இடத்தில் "போதும், இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்பது, மிஞ்சினால் அரைக் கோப்பை தேநீர். எங்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

நெர்மின் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். அதுவரைக்கும் நம் வீடு போலத்தான். கழற்றியதும் எனக்கென்று புதுச் செருப்பு ஒரு சோடி எடுத்து வைத்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் நெர்மின் ஒரு சின்னப் போத்தலோடு வந்து நின்றார். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். உள்ளங்கையில் ஏதோ ஊற்றினார், எலுமிச்சம்பழ வாசம். நான் என்ன செய்வேன், சொல்? சிவன் கோவிலில் ஐயர் தீர்த்தம் தந்தால் செய்வதைத்தான் செய்தேன். பக்தியாக வாய்க்குக் கொண்டுபோனேன். எலிஃப் பாய்ந்து என் கையைப் பிடித்திராவிட்டால் நான் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். அது கொலோன் என்கிற வாசனைத் தண்ணீர். பயணம் வந்த களைப்புக்குக் கையில் தேய்த்துக்கொள்ளக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். எலிஃபின் தகப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன். கடைசி நாள் வரைக்கும் அந்தப் போத்தலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பல்கனிக்குப் போனார்.

அடுத்த நாளிலிருந்து என் வேலையை நான் திறமாகச் செய்தேன். பள்ளிக்கூடத்தால் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் "கொஞ்சம் படுக்கப்போறன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கேத்திலைப் போட்டு, ஒரு கோப்பை நூடில்ஸ் முடித்துவிடுவேன். இரவுச் சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது பசி இருக்காது. நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவி, "போதும், நல்லாயிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். என் கணக்குப்படி நான் உலகத்திலேயே சிறந்த விருந்தாளி. ஒரு குறையும் இல்லை, ஒரு செலவும் இல்லை, கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட அதிகமில்லை. கோப்பை கழுவப் போன என்னை நெர்மின் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கதிரையில் இருத்தியது வேறு கதை.

தேநீரில் மட்டும் தோற்றேன். மேசைக்கு வந்த தேநீரை மிச்சம் விடுவது மரியாதை இல்லை என்று அந்தச் சின்னக் கண்ணாடிக் குவளையைக் காலி செய்வேன். காலியானால் நெர்மின் நிரப்புவார். நிரப்பினால் நான் காலி செய்வேன். இருவரும் மரியாதையாகவே ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தோம். போதும் என்றால் கரண்டியைக் குவளைக்கு மேலே குறுக்காக வைக்க வேண்டும் என்று எலிஃப் எனக்குச் சொல்லித் தந்தபோது, எனக்குள் ஒரு கடலே ஆடிக்கொண்டிருந்தது.

நான் நாலு கரண்டியோடு நிறுத்த நிறுத்த, நெர்மின் சமைப்பது கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பருப்பு சூப். அடுத்த நாள் அதோடு திராட்சை இலையில் சோறு சுற்றியது. அதற்கடுத்த நாள் கத்தரிக்காய் வதக்கித் தயிர் ஊற்றியது. எனக்கு எது பிடிக்கும் என்று அந்த மனுஷி தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் படவில்லை. வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்று எலிஃபிடம் சும்மா பேச்சோடு சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் மேசையில் ஒருவருக்குமே இறைச்சி இல்லை. ஒலிவ் எண்ணெயில் அவித்த போஞ்சியை எலிஃபின் தகப்பன் முள்ளுக்கரண்டியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அடியில் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று. அன்றைக்கும் நான் நாலு கரண்டிதான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை ஒரு பழைய கோட்டையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்வந்தோம். நல்ல பசி. வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல் அறைக்குள் போய்க் கேத்திலைப் போட்டேன். சமையலறையில் நெர்மின் ஓவனில் ஏதோ வைத்திருந்தார். வாசம் வந்துகொண்டிருந்தது. உடுப்புத் தோய்க்கிற மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வீடு, பழைய வயர். தண்ணீர் கொதித்து நான் அதைக் கோப்பைக்குள் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தேநீருக்குத் திரும்பப் போட்ட நேரம் 'டக்' என்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. ஓவன் நின்றது. விளக்கு நின்றது. வீடு முழுக்க ஆட்கள் நடந்தார்கள். தகப்பன் ஸ்டூலில் ஏறி மெயின் சுவிட்சைப் போடுவதும், அது திரும்ப விழுவதும் எனக்குக் கேட்டது. கரண்டை எது இழுக்கிறது என்று ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். கேத்திலின் வயரைப் பிடுங்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. பிடிபட்ட கள்ளன் மாதிரி அப்படியே இருந்தேன்.

கதவைத் தட்டிவிட்டு நெர்மின் திறந்தார். நான் கட்டிலில் சப்பணம் கட்டி இருக்கிறேன். மடியில் நூடில்ஸ் கோப்பை. ஒரு பக்கம் மிக்சர் பை, மறுபக்கம் ஆவி விட்டுக்கொண்டு உன் கேத்தில்.

அவர் வாசலிலேயே நின்றார். பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், குப்பைக் கூடைக்குள் கிடந்த வெறுங்கோப்பைகளைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, கூட்டிப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஏதோ சொன்னார். பின்னால் நின்ற எலிஃபைப் பார்த்தேன். அவளுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல விருப்பமில்லை. தாய் திரும்பவும் சொன்ன பிறகு சொன்னாள்.

"அம்மா கேட்கிறா, என் சாப்பாட்டில் என்ன குறை?"

தம்பி, நான் கோப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். குறையே இல்லை, உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்றுதான் என்று சொன்னேன். எலிஃப் அதைத் துருக்கியில் சொன்னாள். நெர்மினுக்கு விளங்கவில்லை. எலிஃப் வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் விளங்கவில்லை. பிறகு நெர்மின் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார், பிள்ளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தந்தாள். "லண்டனில் இருந்து என் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று என் தங்கைக்குச் சொன்னேன். தெருவில் எல்லோருக்கும் சொன்னேன். நீங்கள் நாலு கரண்டியோடு எழும்பும்போது, நாளைக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசிப்பேன். என் வீட்டில் நீங்கள் பசியோடு இருந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லை. இதை நான் யாருக்குச் சொல்வேன்?"

அந்த முகத்தை நான் முன்பே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது. பொங்கலன்று உன் வீட்டில். உனக்கு அது நினைவிருக்காது, நீ பின்தோட்டத்தில் கரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாய். நான் வழக்கம்போல ஐந்து சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்து இறங்கினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சொதி, ஏன் சம்பல்கூட. காவ்யா விடியவே எழும்பிச் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், கொத்சு, வடை எல்லாம் செய்து வைத்திருந்தாள். என் பைகளைப் பார்த்துவிட்டு, "அத்தை, நான் சமைச்சது உங்களுக்குப் பிடிக்கலைங்களா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "சீச்சீ, உனக்குக் கரைச்சல் தரக் கூடாதெண்டுதான் பிள்ளை" என்றேன். பிரிட்ஜில் இடம் இருக்கவில்லை. தன்னுடைய கொத்சுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெட்டிகளை அடுக்கினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்டிக்காரப் பிள்ளை, நல்லாய் அடுக்குகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம்தான் என் மூளை போனது.

இப்போது நெர்மினிடம் திரும்பி வா. அவர் அழுவார், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் செய்தது வேறு. உள்ளே வந்து, கட்டிலில் எனக்கு எதிரே சப்பணம் கட்டி இருந்தார். எலிஃபையும் பக்கத்தில் இருத்தினார். என் மிக்சர் பையைக் காட்டிக் கையை நீட்டினார். என் வீட்டில் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்றால் உங்கள் வீட்டில் நான் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம் என்றாள் எலிஃப். நான் தடுமாறிப்போய் மிக்சரைக் கையில் கொட்டினேன். அது சாதா மிக்சர் இல்லை, நம் கடைக்காரரின் உறைப்பு மிக்சர். நெர்மின் ஒரு வாய் போட்டார். கண் சிவந்தது. மூக்கால் தண்ணீர் வந்தது. இருமினார், எலிஃப் முதுகில் தட்டினாள். வாய் திறக்க முடிந்ததும் அந்த மனுஷி என்ன செய்தார் தெரியுமா? கையைத் திரும்பவும் நீட்டினார்.

அந்த நேரத்தில் எனக்குள் வந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் சாமான், என் கையால் கொடுக்கிறேன், ஒருத்தி கூச்சமில்லாமல் இன்னும் தா என்கிறாள். நூடில்ஸை மூன்றாகப் பிரித்தேன். வடையை உடைத்துக் கொடுத்தேன். கேத்திலில் மிஞ்சிய சுடுதண்ணீரில் பால்மா போட்டு, குளியலறையில் இருந்த கிளாஸில் தேநீர் கலக்கிக் கொடுத்தேன், தகப்பனையும் கூப்பிட்டு இருத்தினேன். இருட்டுக் கட்டுகிற அறையில், கரண்ட் இல்லாத வீட்டில், நான் விருந்து வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இந்தச் சந்தோஷத்தைத்தானே இந்த மனுஷி ஐந்து நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்? நான் நாலு கரண்டியோடு எழும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்றிரவு மேசையில் எல்லாம் சாப்பிட்டேன். ஓவனில் பாதியில் நின்று திரும்ப வெந்த பாலாடைக்கட்டி ரொட்டி ஒரு பக்கம் கருகித்தான் இருந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். சமைத்தவரைப் பார்த்து "உங்கள் கைகளுக்குச் சுகம்" என்று சொல்வது அவர்களுடைய வழக்கம். அதை எலிஃபிடம் கேட்டுப் பழகி, துருக்கியில் சொன்னேன். நெர்மின் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக் கொஞ்சினார். நம் வீடுகளில் சமைத்தவளுக்கு நாம் என்ன சொல்கிறோம், தம்பி? உப்புக் கூடினால் சொல்கிறோம்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்கலாம். நீ பிறந்தது வெஸ்ட் ஈலிங்கில், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணை வீட்டில், கட்டில் போட்டால் கதவு முழுதாய்த் திறக்காத ஒரு அறையில். அந்த அண்ணையும் மச்சாளும் பொல்லாதவர்கள் இல்லை. இடம் தந்தார்கள், உனக்குத் தொட்டில் வாங்கித் தந்தார்கள். ஆனால் அந்த வீட்டில்தான் பிரிட்ஜைச் சத்தம் வராமல் திறக்கப் பழகினேன். பசித்தாலும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகினேன். வேறு வீடு கிடைத்து வெளியே வந்தபோது எனக்குச் சொந்தமாகக் கிடைத்தவற்றில் ஆகப் பெரியது அடுப்புத்தான். அதனால் அடுப்புக் கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை, யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. அப்போது அது தேவைப்பட்டது. மச்சாள் வீட்டில் நான் படித்த பாடத்தை மருமகள் வீட்டில் ஒப்பிக்கிறேனே, அதுதான் பிழை. அது அந்த வீட்டுப் பாடம்.

உனக்கும் அது ஒட்டிவிட்டது. ஏழு வயதில் உன் சிநேகிதனின் பிறந்தநாளுக்குப் போய், கேக்கை விட்டுக் கண்ணை எடுக்காமலே "நோ தேங்க்யூ, ஐ ஆம் ஃபுல்" என்று சொன்னாய். அந்தத் தாய் உன்னை மெச்சினாள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இப்போது வளர்ந்த ஆள். அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறீர்கள். மாமனார் வீடு அங்கே இருக்க, நீ ஹோட்டல் புக் பண்ணியிருக்கிறாய். காவ்யா என்னிடம் சொன்னாள், உன்னைக் குறை சொல்லவில்லை, சும்மா சொன்னாள். "அவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு சொல்றார், அத்தை. எங்கம்மா புது மெத்தை வாங்கி வெச்சிருக்காங்க" என்றாள். வாசித்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டு அந்த ஹோட்டலை ரத்துச் செய். அந்த மெத்தையில் போய்ப் படு. காலையில் அவர்கள் பத்து இட்லி வைத்தால் எட்டையாவது சாப்பிடு. ஃபில்டர் காப்பியை இன்னொரு தரம் கேட்டு வாங்கு. இரண்டு நாளைக்கு அவர்கள் உன்னால் களைக்கட்டும். அவர்கள் அந்தக் களைப்புக்குத்தான் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். கொடுக்க எல்லோரும் முண்டியடிப்பார்கள், நம் ஆட்கள் அதில் முதல். வாங்கிக்கொள்ளத்தான் நெஞ்சு வேண்டும். உனக்கு அந்த நெஞ்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெற்றவள் நான்.

இன்னும் ஒன்று. புறப்பட்ட நாள் காலை நாங்கள் பஸ்ஸில் ஏறியதும் நெர்மின் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, பஸ் நகர நகர அதன் பின்னால் தெருவில் வீசி ஊற்றினார். எனக்கு உயிர் போய்விட்டது. நம்மில் செத்த ஆளைக் கொண்டுபோன பிறகுதானே வீடு கழுவித் தண்ணீர் ஊற்றுவோம்? பக்கத்தில் இருந்த துருக்கி ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். தண்ணீர் போல் தடையில்லாமல் போய், தண்ணீர் போல் திரும்பி வர வேண்டும் என்று ஊற்றுவதாம். நான் திரும்பிப் பார்த்தேன். நெர்மின் வெறுங்குடத்தோடு நடுத்தெருவில் நின்றார்.

பஸ்ஸில் ஏறுமுன் அவர் எலிஃபை வைத்து ஒன்று கேட்டிருந்தார். "இலையுதிர்காலத்தில் நாங்கள் லண்டன் வரும்போது நான் எங்கே சாப்பிடுவேன்?" நான் யோசிக்கவே இல்லை. "என் மகன் வீட்டில், என் மருமகள் நன்றாகச் சமைப்பாள்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று எனக்கே விளங்கியது. என்னுடைய லூயிஷாம் வீட்டைச் சொல்லவில்லை. தனி அடுப்பைச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாத பதிலை இஸ்மீர்ப் பக்கத்துத் தெருவில் ஒரு கணக்கு டீச்சருக்குச் சொல்லிவிட்டு வந்து, இத்தனை நாளாகப் "பாப்பம்" என்று உன்னைச் சுற்றவிட்டிருக்கிறேன். வீம்பு, வேறொன்றுமில்லை.

ஆகவே இது என் பதில். நான் வருகிறேன். பில்டரிடம் சொல், அந்த அறையில் அடுப்பு வேண்டாம், சிங்க் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு பெரிய ஜன்னல் வைக்கச் சொல். உங்கள் பிரிட்ஜை நான் சத்தமாகவே திறப்பேன். காவ்யாவோடு எனக்குச் சண்டை வரும், அதுவும் எனக்குத் தெரியும். அவள் சாம்பாருக்குள் சீனி போடுகிறாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். நான் போடுகிற உறைப்பில் அவள் தண்ணீர்ப் போத்தலோடு ஓடுவாள். ஒரே அடுப்பில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கத்தான் செய்யும். இடிக்கட்டும். நீ மட்டும் நடுவில் வந்து நியாயம் சொல்லாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். கதவைத் திறக்கும்போது பைகளை வாங்க வழக்கம்போல் கையை நீட்டாதே, என் கையில் ஒன்றும் இருக்காது. பஸ் ஏறுமுன் வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடவும் மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இன்னொருவர் வீட்டில் நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, உன் வாசலில் நின்று உன் மனைவியிடம் சொல்லப்போகிறேன். அவளுக்கு இப்போதே சொல்லிவிடாதே, என் வாயால் கேட்கட்டும்.

"எனக்குப் பசிக்குது, பிள்ளை. என்ன சமைச்சு வச்சிருக்கிறாய்?"

அம்மா